ஒயினுக்கு ஊர் வாசனை எங்கிருந்து வருகிறது?

[காட்சி: நியூசிலாந்தின் மார்ல்பரோ. வெயிலில் திராட்சை வரிசைகள்.]

மார்ல்பரோவில் விளையும் சோவினியான் பிளாங்க் திராட்சையின் ஒயினை முகர்ந்தால், பேஷன் ஃப்ரூட் வாசனை தூக்கலாக வரும். ஏன் என்று கேட்டால், "எல்லாம் மண்ணோட குணம்" என்பார்கள்.

சரி, மண் அப்படி என்னதான் செய்கிறது? பாறையிலுள்ள தாது வேர் வழியாக ஏறி நாக்கில் கல் சுவையாக இறங்குகிறது என்பது விற்பனைப் பேச்சு. கொடி உறிஞ்சுவது நீரில் கரைந்த சத்துகளை மட்டும்தான்.

[காட்சி: நுண்ணோக்கியில் வேர் நுனி.]

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் அவ்வளவாக நகராது. வேரை ஒட்டி இருப்பது தீர்ந்ததும் கொடி திண்டாடும். அங்கேதான் ஒரு பூஞ்சை வருகிறது. வேரின் செல்லுக்குள்ளேயே புகுந்து குட்டி மரம்போலக் கிளை விடும். வெளியே, தலைமுடியைவிட மெல்லிய இழைகளைச் சென்டிமீட்டர் கணக்கில் நீட்டி மணிச்சத்தைக் கொண்டுவரும். கூலியாகச் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும். நம் உழவர்கள் 'வேம்' என்று வாங்கிப் போடும் உயிர் உரமும் இதே வகைப் பூஞ்சைதான்.

மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் வேரோடு நிற்பதில்லை. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் மெர்லோ என்ற திராட்சை வகையின் கொடிகளை அலசி 2015-இல் வெளியான ஆய்வில், இலை, பூ, பழத்தில் இருந்த பாக்டீரியாக்களில் பெரும்பகுதி அடியிலுள்ள மண்ணிலும் இருந்தன.

[காட்சி: ஆய்வகக் குடுவைகளில் நுரைக்கும் சாறு.]

ஆனால் வாசனை என்று வந்தால் கதாநாயகன் ஈஸ்ட், அதாவது சாற்றை நொதிக்கவைத்து ஒயினாக்கும் நுண்ணுயிர். அந்த பேஷன் ஃப்ரூட் வாசனை பழத்தில் பூட்டிக் கிடக்கிறது; திராட்சையைக் கடித்தால் தெரியாது. ஈஸ்ட் அதை உள்ளே இழுத்து, நொதியால் வெட்டிய பிறகுதான் கந்தகம் சேர்ந்த அந்த மூலக்கூறு வெளியே வரும். லிட்டருக்குச் சில பத்து நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அப்படியானால் ஊருக்கு ஊர் ஈஸ்ட் மாறினால்? இதுவும் 2015-தான். ஆக்லாந்து ஆய்வாளர்கள் நியூசிலாந்தின் 6 பகுதிகளில் இருந்து ஒரே இனத்து ஈஸ்ட்டுகளை எடுத்து, கிருமி நீக்கிய ஒரே சாற்றில் தனித்தனியாக விட்டார்கள். பிறகு 39 வாசனைப் பொருள்களை அளந்தார்கள். பகுதிக்கு ஏற்ப அளவுகள் மாறின. சாறு ஒன்றே என்பதால், இந்த வித்தியாசத்துக்கு வெயிலையோ மழையையோ காரணம் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்த சோதனை இது. கருவி கண்ட வித்தியாசம் நாக்குக்கும் தெரியுமா என்பது வேறு விஷயம்.

இந்த ஈஸ்ட் நல்ல பழத்தின் தோலில் அபூர்வம். பின்னே குளிர்காலத்தில் எங்கே தங்குகிறது? இத்தாலிய ஆய்வாளர்கள் 2012-இல் ஓர் இடத்தைக் காட்டினார்கள்: குளவியின் குடல். ராணிக் குளவி அதை வயிற்றில் வைத்தே பனிக்காலத்தைக் கடத்தி, வசந்தத்தில் புழுக்களுக்கு இரையோடு ஊட்டிவிடுகிறது.

[காட்சி: ஒயின் ஆலை. தொட்டியில் பாக்கெட் ஈஸ்ட்டைக் கொட்டுகிறார்கள்.]

இதையெல்லாம் கேட்டுவிட்டு நுண்ணுயிர்தான் எல்லாம் என்று முடிவுகட்ட வேண்டாம். மார்ல்பரோவிலேயே பெரும்பாலான ஆலைகள் கந்தக டை ஆக்சைடு போட்டுக் காட்டு ஈஸ்ட்டை அடக்கிவிட்டு, பாக்கெட் ஈஸ்ட்டைத்தான் சேர்க்கின்றன. அப்படியும் அந்த வாசனை வருகிறது! ஆக, குளிர்ந்த இரவு, வெயில், அறுவடை நாள் ஆகியவற்றுக்கே பெரும் பங்கு என்பது என் கணிப்பு.

உள்ளூர் ஈஸ்ட்டை மட்டும் நம்பினால் நொதித்தல் பாதியில் நின்றுபோகலாம், வினிகர் நெடியும் ஏறலாம். அதனால் துணிந்தவர்கள்கூடச் சில தொட்டிகளை மட்டும் அதற்கு விட்டுவிட்டு, மீதிக்குப் பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள்.