ட்ரைசெராடாப்ஸ் கழுத்துல இருந்தது கேடயமா?

"டைரனோசாரஸ் பின்கழுத்தைக் கவ்வாம இருக்கத்தானே ட்ரைசெராடாப்ஸுக்கு அந்தப் பெரிய எலும்பு மடல்?" ஒருத்தர் கேட்ட இந்தக் கேள்வி ரொம்பப் பிடிச்சிருந்தது, அதனால முதல்ல இதை எடுத்துக்கிறேன். ட்ரைசெராடாப்ஸ்னா மூணு கொம்பு வெச்ச, செடி தின்னுற டைனோசர்; டைரனோசாரஸ் மாமிசம் தின்னுற டைனோசர். மடல்னா மண்டையோட்டுப் பின்பக்கம் கழுத்துக்கு மேல விரியுற எலும்பு.

கேடயம்னா அதுல ஓட்டை எதுக்கு? டோரோசாரஸ், காஸ்மோசாரஸ் மாதிரி சொந்தக்கார இனங்களோட மடல்ல ரெண்டு பெரிய ஓட்டை இருக்கு, மேல வெறும் தோல்தான். ட்ரைசெராடாப்ஸோட மடல் மட்டும் முழு எலும்பு. அதனால கேடயம்னு தோணுறது நியாயம். ஆனா நான் எப்பவும் சொல்றதுதான்: ஒரு உறுப்பு எதுக்குன்னு தெரியணும்னா காயம் எங்க இருக்குன்னு பாருங்க. 2009-ல ஆண்ட்ரூ ஃபார்க் குழு அதைத்தான் பார்த்தாங்க. கண்ணுக்கு மேல நீளக் கொம்பு இல்லாத சென்ட்ரோசாரஸோட ஒப்பிட்டா, ட்ரைசெராடாப்ஸுக்கு மடலோட பக்கவாட்டு எலும்பான ஸ்குவாமோசல்ல காயம் ரொம்ப அதிகம். ரெண்டு ட்ரைசெராடாப்ஸ் கொம்போட கொம்பு கோத்துத் தள்ளினா, எதிராளியோட கொம்பு நுனி சரியா அங்கதான் இறங்கும். ஆக, முக்கியமான சண்டை சொந்த இனத்துக்குள்ள.

டைரனோசாரஸும் கடிச்சிருக்கு, இல்லேங்கல. ஒரு மண்டையோட்டுல கண்மேல் கொம்பு முறிஞ்சிருக்கு, ஸ்குவாமோசல்ல பல் தடம் இருக்கு. ரெண்டு இடத்துலயும் எலும்பு திரும்ப வளர்ந்திருக்கு. அப்போ கடிபட்ட பிறகும் அது பிழைச்சு வாழ்ந்திருக்கு. மறுபடியும் பாருங்க, காயம்தான் பேசுது.

கொம்பைப் பத்தி ஒண்ணு. புதைபடிவத்துல கிடைக்கிறது உள்ளே இருக்கிற எலும்பு மட்டும்தான். மாட்டுக் கொம்புல இருக்கிற மாதிரியே மேல கெரட்டின் (நம்ம நகத்துல இருக்கிற பொருள்) உறை இருந்திருக்கும், அதனால நிஜக் கொம்பு இன்னும் நீளம். அமெரிக்காவுல டென்வர் பக்கத்துல கிடைச்ச ஒரு ஜோடிக் கொம்பை 1887-ல புதைபடிவ ஆய்வாளர் மார்ஷ், பைசன்ங்கிற காட்டெருமையோட கொம்புன்னே பெயர் வெச்சு வெளியிட்டார். ட்ரைசெராடாப்ஸ்ங்கிற பெயர் 1889-லதான் வந்தது. குட்டியில பின்பக்கமா வளைஞ்ச கொம்பு, வளர்ந்ததும் முன்பக்கமா திரும்பும்.

ஆனா கொம்பையும் மடலையும் கேக்குற அளவுக்கு வாயை யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க! முன்னாடி பல்லில்லாத அலகு, செடியைக் கவ்விப் பறிக்க. உள்ளே தாடையோட ஒவ்வொரு பக்கத்துலயும் 36-லேருந்து 40 வரிசை, வரிசைக்கு 3 முதல் 5 பல் ஒண்ணுக்கு மேல ஒண்ணா. தேயத் தேயக் கீழேருந்து புதுசு ஏறி வரும். அரைக்கிற பல் இல்ல, கத்திரிக்கோலா மேலயும் கீழயும் உரசி நறுக்குற பல். 2015-ல கிரெகரி எரிக்சன் குழு அதுல 5 வகைத் திசுவைக் கண்டுபிடிச்சாங்க. பெரும்பாலான ஊர்வனப் பல்லுல ரெண்டுதான். மெத்துனு இருக்கிற திசு சீக்கிரம் தேயும், கெட்டியானது நிக்கும். அதனால வெட்டுற முகத்தோட நடுவுல பள்ளம் விழுது. நறுக்கும்போது உரசுற பரப்பு குறையுது, நாரும் கட்டையுமான செடியைக்கூட அது வெட்டித் தின்ன முடிஞ்சது.