குப்பி எடுத்த அக்காமாரும் அண்ணாமாரும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வந்து, பதிவுக் கடிதத்துக்காகப் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற காலம் இது. அரசப் பல்கலைக்கழகத்தில் படித்த அனுபவத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். நான் பேராதனையில் விஞ்ஞானம் படித்தவள். இப்போது உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். பேராதனை என்றதும் மகாவலி, ஹந்தானை மலை, குறிஞ்சிக் குமரன் கோயில் என்று தொடங்குவதுதான் வழக்கம். அவற்றின் அழகை எனக்கு முன் வந்தவர்கள் போதுமான அளவு பாடிவிட்டார்கள். நான் பேசப் போவது வேறொன்றைப் பற்றி: அங்கே எனக்கு உண்மையில் யார் படிப்பித்தார்கள்?

விரிவுரையாளர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் முழுவதும் அவர்களே என்று சொன்னால் அது பாதி உண்மை.

முதலில், உள்ளே வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் போன்ற பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையில் போகின்றன. 55 இடங்கள் மாவட்டங்களுக்குச் சனத்தொகை அடிப்படையில் பிரிகின்றன. மிச்சம் 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதனால் கொழும்பிலும் கண்டியிலும் பெயர்பெற்ற கல்லூரிகளில் படித்த பிள்ளையும், முல்லைத்தீவிலோ மொனராகலையிலோ இரசாயன ஆய்வுகூடமே சரியாக இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளையும் ஒரே வாங்கில் வந்து உட்காருகிறார்கள். இந்த முறை நியாயமா இல்லையா என்று யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் ஐம்பது வருடமாக வாதம் நடக்கிறது. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மாற்றியமைத்த தரப்படுத்தல் தந்த காயம் அப்படி. அந்த வழக்கை இன்று நான் எடுக்கவில்லை. வாங்கில் வந்து உட்கார்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே என் பேச்சு.

விரிவுரையாளர் வருகிறார். ஆங்கிலத்தில் தொடங்குகிறார். உயர்தரம் முழுவதையும் தமிழில் படித்துவிட்டு வந்த எனக்கு முதல் வாரங்களில் பிடிபட்டவை கரும்பலகையில் இருந்த சமன்பாடுகள் மட்டும்தான். "சமநிலை மாறிலி" எனக்கு நன்றாகத் தெரியும். ஈக்குவிலிபிரியம் கொன்ஸ்டன்ட் என்று அவர் சொன்னபோது அது என் பழைய சிநேகிதிதான் என்று அடையாளம் காண நேரமெடுத்தது. பக்கத்து வாங்கில் இருந்த சிங்களப் பிள்ளைக்கும் அதே கதி. அவள் அனுராதபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தவள். என்னிடம் சிங்களம் இல்லை, அவளிடம் தமிழ் இல்லை, இருவரிடமும் ஆங்கிலம் இல்லை. நாங்கள் முதலில் பேசிக்கொண்ட மொழி குறியீடுகள்தான். அம்புக்குறி, கூட்டல், தலையாட்டல். என் சிங்களத்தில் பாதி அவளோடு கன்டீனில் பிளேன்டீ குடித்தபடி வந்தது. மற்றப் பாதி ஆய்வுகூடத்தில் வந்தது. ஆகையால் இன்றைக்கும் சந்தையில் பேரம் பேசத் தடுமாறுவேன், அமில கார நியமிப்பை மட்டும் சிங்களத்தில் தங்குதடையில்லாமல் சொல்லுவேன்.

இந்த இடத்தில்தான் குப்பி வருகிறது. பல்கலைக்கழகம் போகாத நேயர்களுக்காக ஒரு சொல்: குப்பி என்பது மாணவர் மாணவருக்கு எடுக்கும் வகுப்பு. மூன்றாம் ஆண்டிலோ நாலாம் ஆண்டிலோ இருக்கும் ஒருவர், பரீட்சை நெருங்கும்போது, இரவில், ஏதாவது ஒரு வெறும் அறையில் முதலாண்டுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லித் தருவார். கட்டணம் இல்லை. வரவுப் பதிவு இல்லை. எந்தக் கைநூலிலும் அதன் பெயர் இல்லை. கற்பிக்கிறவருக்குச் சான்றிதழும் கிடையாது. பிளேன்டீயும் மாலு பணிஸும் யாராவது வாங்கிக் கொடுத்தால் உண்டு.

எங்களுக்கு வெப்பவியக்கவியல் குப்பி எடுத்தவர் மன்னாரிலிருந்து வந்த ஓர் அக்கா. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் முதலில் செய்தது ஒரு கொப்பியை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் எழுதச் சொன்னதுதான். பிறகு விரிவுரையாளரின் குறிப்பை வரிவரியாகத் தமிழில் உடைத்தார். எங்களுக்கு எங்கே தடக்கும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவரும் அதே இடத்தில்தான் தடக்கினார். பேராசிரியர் அந்த இடத்தைக் கடந்து முப்பது வருடமாகிறது, அவருக்கு அது இப்போது ஞாபகம் இருக்காது. குப்பியின் பலம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த அறையில் அதே பாடத்துக்குச் சிங்களத்தில் குப்பி நடக்கும். எங்கள் அக்கா ஓரிடத்தில் சிக்கினால் அங்கே போய்க் கேட்டுக்கொண்டு வருவார். அங்கிருந்தும் ஆள் வரும்.

இது பேராதனைக்கு மட்டும் உரியதல்ல. கொழும்பு, ஜயவர்தனபுர, களனி, மொறட்டுவை, ருகுணு, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், எங்கே கேட்டாலும் குப்பி என்றால் தெரியும். 1990இல் இருந்து பல வருடம் போரால் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பவுணுக்கு ஈடாக இருந்த காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு எரித்த விளக்கைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து படித்து, பட்டம் பெற்று, இன்று வைத்தியர்களாகவும் விரிவுரையாளர்களாகவும் இருக்கிறார்கள். இதே வானொலியை அந்தக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்டவர்களும் அவர்கள்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் திறந்தபோது இருந்த வசதிகள் அந்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாகப் போயின. ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை.

இலவசக் கல்வி என்று நாங்கள் பெருமைப்படுகிறோம். பெருமைப்படத்தான் வேண்டும். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் அது நடைமுறைக்கு வந்திராவிட்டால் நான் இந்த ஒலிவாங்கிக்கு முன் இருக்க மாட்டேன். ஆனால் இலவசம் என்பது விரிவுரைக் கட்டணத்துக்கு மட்டும்தான். சாப்பாடு, போட்டோக்கொப்பி, பஸ் காசு, விடுதி கிடைக்காத வருடத்தில் போர்டிங் காசு எல்லாம் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது 1981இல் தொடங்கிய மஹாபொல புலமைப்பரிசில் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது. அதுவும் பல ஆண்டுகள் மாதம் 5,000 ரூபாயில் அசையாமல் நின்றது. 2022இல் சோற்றுப் பார்சல் விலை ஏறிய வேகத்தில் அந்த 5,000 எத்தனை நாளைக்கு வந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். காலையில் சாப்பிடாமல் விரிவுரைக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைச் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் அந்தப் பிள்ளைகள் அல்லர்.

காலமும் அப்படித்தான். உயர்தரம் எழுதி, பெறுபேறு வந்து, பதிவாகி உள்ளே போவதற்குள் ஒன்றரை வருடம், சிலவேளை அதற்கும் மேல் போய்விடுகிறது. உள்ளே போன பிறகு வேலைநிறுத்தம். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் போராட்டம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. நியாயம் யார் பக்கம் இருந்தாலும், தனியார் நிறுவனத்தில் காசு கட்டிச் சேர்ந்த பிள்ளை பட்டத்தோடு வெளியே வரும்போது எங்கள் பிள்ளை இன்னும் இரண்டாம் ஆண்டில் இருக்கும்.

இனி, விரும்பாத பகுதிக்கு வருகிறேன். குப்பி எடுக்கிற அதே சிரேஷ்ட மாணவர் கூட்டத்திலிருந்துதான் பகிடிவதையும், அதாவது புதிய மாணவரைத் துன்புறுத்தும் ராக்கிங்கும், வருகிறது. அதை மறைத்துவிட்டு அனுபவம் பேசுவது நேர்மையல்ல. 1975இல் பேராதனை இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து ஒரு மாணவி பகிடிவதைக்குப் பயந்து குதித்தார். மிச்ச வாழ்க்கையை நடக்க முடியாதவராகக் கழித்தார். 1997இல் பொறியியல் பீடத்துக்குப் புதிதாக வந்த தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடம், 1998இல், 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரை. சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு பிள்ளை மூட்டை முடிச்சோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

பகிடிவதைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்களில் படித்தவர்கள் உண்டு, பதவியில் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது இதுதான்: பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே உடுப்பில் ஒரே வரிசையில் நின்றால்தான் ஏற்றத்தாழ்வு போகும். அந்த நெருக்கத்திலிருந்துதான் ஒற்றுமை வரும். அந்த ஒற்றுமையிலிருந்துதான் குப்பியும் நோட்ஸும் வரும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? பகிடிவதைக்கு உடன்படாத பிள்ளையை ஒதுக்கிவைக்கிறார்கள். அவனுக்குப் பழைய வினாத்தாள் கொடுக்கக் கூடாது. குப்பிக்குக் கூப்பிடக் கூடாது. அவனோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. ஆங்கிலம் தெரிந்த, நகரத்தில் படித்த பிள்ளை அந்தத் தண்டனையைத் தாங்கிக்கொண்டு எப்படியாவது சித்தியடைந்துவிடும். குப்பி இல்லாமல் கரையேற முடியாதது யார்? முல்லைத்தீவுப் பிள்ளை. மொனராகலைப் பிள்ளை. நுவரெலியாத் தோட்டத்து லயத்திலிருந்து முதன்முதலாக வந்த பிள்ளை. அப்படியானால் ஏழைக்காக நடத்துகிறோம் என்று சொல்கிற காரியம் ஏழையின் கழுத்தைப் பிடித்துத்தானே நடக்கிறது? பணயப் பொருள் போல ஆகிவிட்டது உதவி. எங்களுக்குச் சொல்லித் தந்த மன்னார் அக்கா ஒருவரையும் முட்டுக்காலில் நிறுத்தவில்லை. அவர் கேட்டதெல்லாம், "விளங்கிச்சா, இல்லாட்டி இன்னொருக்காச் சொல்லவா?" என்பது மட்டும்தான்.

ஒரு மாற்றத்தை அண்மையில் கவனித்தேன், அது எனக்குச் சந்தோஷம். 2020இல் கொரோனா வந்து வளாகங்கள் மூடியபோது விரிவுரைகள் சூமுக்குப் போயின. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு ஊடாக டேட்டா காசு இல்லாமல் விரிவுரையில் சேர வழிசெய்தார்கள். சிக்னலுக்காக மலை ஏறிய, மரம் ஏறிய பிள்ளைகளின் படங்கள் பத்திரிகையில் வந்தன. அந்த வேதனை ஒருபக்கம் இருக்கட்டும். குப்பியும் அதோடு சூமுக்குப் போனது. பதிவுசெய்து யூடியூபில் போட்டார்கள். வட்ஸ்அப்பில் இணைப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது. கதவு என்று ஒன்று இருந்தால்தானே கதவில் நின்று நீ வா, நீ போ என்று சொல்ல முடியும்? என்னிடம் படித்து இப்போது ஒரு விஞ்ஞான பீடத்தில் இருக்கும் மாணவி, தன் பீடத்து அண்ணா எடுத்த குப்பியையும், போன வாரம் இன்னொரு பல்கலைக்கழகத்துச் சிங்கள அக்கா எடுத்த குப்பியையும் அடுத்தடுத்துப் பார்த்ததாகச் சொன்னாள். இருவரையும் அவள் நேரில் கண்டதேயில்லை.

ஆனாலும் திரையில் பார்க்கிற குப்பி முழுக் குப்பி ஆகாது. விளங்காத முகத்தை அது காணாது. ஐவர் ஜெனிங்ஸ் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானபோது பேராதனையை விடுதிப் பல்கலைக்கழகமாகத் திட்டமிட்டது, மாணவர் ஒன்றாக உண்டு உறைந்து ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கட்டும் என்றுதான். அப்போது வந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள், தொகையும் சிறியது. 1960க்குப் பிறகு தமிழிலும் சிங்களத்திலும் படித்த கிராமத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அவர் கட்டிய மண்டபங்களை அவர் எதிர்பார்க்காத விதத்தில் பயன்படுத்தியவர்கள் இவர்கள்தான்.

துணைவேந்தர்களும் பீடாதிபதிகளும் இந்த நிகழ்ச்சியைக் கேட்பார்களோ தெரியாது. கேட்டால் ஒரு சின்ன விண்ணப்பம். புதிய திட்டம், புதிய குழு எதுவும் வேண்டாம். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் மாலை ஆனதும் விரிவுரை அறைகளைப் பூட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் தாழ்வாரத்தில் தெரு வெளிச்சத்தில் இருந்து படிக்கிறார்கள். பீடத்துக்கு மூன்று அறையையாவது இரவு பதினொரு மணி வரை திறந்துவையுங்கள். ஒரு காவலாளியும் நாலு மின்விசிறியும் போதும். எந்த அறையில் எந்தப் பாடத்துக்குக் குப்பி என்று அறிவித்தல் பலகையில் வெளிப்படையாக எழுதிப் போடச் சொல்லுங்கள், யாரும் வரலாம் என்றும் சேர்த்து.

பதிவுக் கடிதத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. இந்த இடைப்பட்ட மாதங்களில் கணினி வகுப்புக்குப் போங்கள், ஆங்கிலம் படியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதைச் செய்யுங்கள். அதோடு உயர்தரத்தில் படித்த பாடச் சொற்களை ஒரு கொப்பியில் இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் ஆங்கிலத்திலும் எழுதிவையுங்கள். நூறு சொல் போதும். தமிழ் நண்பர்களே, மூன்றாவது நிரல் ஒன்றையும் கீறி வெறுமையாக விடுங்கள். அதைச் சிங்களத்தில் நிரப்ப வளாகத்தில் ஆள் கிடைக்கும்.

நேரம் தந்த நிலையத்தாருக்கும் கேட்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.