இலையை மடித்த பிறகும் பரிமாறுகிறார்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மழையிலும் பிரிக்பீல்ட்ஸ் வரை வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். அடுத்து இதைப் பாருங்கள் என்று காணொளித் தளங்கள் தாமாகவே காட்டும் பரிந்துரை நமக்கு வழிகாட்டுகிறதா, வழிமாற்றுகிறதா என்பது தலைப்பு. வழிமாற்றுகிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், டியூஷனுக்குப் போக வசதியில்லாத ஒரு தோட்டத்துப் பையனின் கதையைச் சொன்னார். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். கணக்கில் ஒரு பாடத்தைத் தேடியவனுக்கு, அடுத்தடுத்து ஒன்பது பாடங்கள் வந்து நின்றன என்றார். ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல காரியம்தான். ஆனால் அவன் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து போனவன். எதையும் தேடாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது?

என் அம்மாவுக்கு வயது 68. பதினான்கு வருடமாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு அது இருப்பதாகச் சொல்கிறது. எனவே இந்தக் கதை என் வீட்டோடு முடிவதில்லை. அம்மா ஒருநாள் பாகற்காய்ப் பொரியல் செய்முறை ஒன்றைப் பார்த்தார். அதன் பின்னால் பாகற்காய்ச் சாறு வந்தது. அதற்கும் பின்னால், மாத்திரையே வேண்டாம் என்று சொல்லும் ஒரு மனிதர் வந்தார். மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்தால், அம்மா பாதியில் கண்ணயர்ந்துவிடுவார். அந்த மனிதரின் பேச்சு மட்டும் மடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உள்ளே இரண்டு மாதத்து மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல். "ஏம்மா?" என்றேன். "டாக்டர் அஞ்சு நிமிஷம்தான் பேசுறாரு. இவரு தினமும் வந்து சொல்றாரும்மா" என்றார்.

தினமும் வந்து சொல்கிறாராம்! நடுவர் அவர்களே, அவராக வரவில்லை. அழைத்து வந்து உட்காரவைத்தது பரிந்துரை.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாருங்கள். கவர்ச்சியான படத்தைக் காட்டி ஏமாற்றிக் கிளிக் வாங்குகிறார்கள் என்பதால், 2012இல் யூடியூப் தன் அளவுகோலை மாற்றியது. எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது முக்கியமானது. நோக்கம் நல்லதுதான். 2016இல் அதன் பொறியாளர்களே கட்டுரை எழுதி விளக்கினார்கள்: லட்சக்கணக்கான காணொளிகளிலிருந்து முதலில் சில நூற்றைப் பொறுக்குவது, பிறகு இவர் எதை அதிக நேரம் பார்ப்பார் என்று கணித்து வரிசைப்படுத்துவது. பார்த்தவர்களிடம் மனநிறைவு பற்றிக் கேட்பதையும் கணக்கில் சேர்ப்பதாக நிறுவனம் சொல்கிறது. ஆனாலும் பயந்துபோய்ப் பார்த்த நேரமும் நேரம்தான். கண்ணயர்ந்து கிடந்த நேரமும் நேரம்தான். சொல்லப்பட்டது உண்மையா என்பதை எந்தக் கடிகாரமும் காட்டாது.

இது நானாகச் சொல்லும் குறை இல்லை. 2019 ஜனவரியில் யூடியூப் நிறுவனமே, கடுமையான நோய்க்குப் போலி அற்புத மருந்து சொல்லும் காணொளிகளைப் பரிந்துரைப்பதைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்த மாற்றம் அமெரிக்காவில்தான் தொடங்கியது. 2021இல், ஃபயர்பாக்ஸ் உலாவியின் பின்னால் இருக்கும் மொசில்லா அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வோ, ஆங்கிலம் முதன்மை மொழியாக இல்லாத நாடுகளில் பார்த்து வருந்திய காணொளிகளின் விகிதம் 60 விழுக்காடு அதிகம் என்றது. தமிழில் கேட்கும் காதுக்கு எந்த வரிசையில் இடம் என்று நாம் கேட்கவேண்டாமா?

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், "பிடிக்கவில்லை என்றால் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போங்களேன்" என்றார். ஐயா, இதே தெருவில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டிருப்பீர்கள். இலையை மடித்துவிட்டால் போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் சோறு வைக்கமாட்டார்கள். அம்மாவின் போனில் நானும் இலையை மடித்தேன். மூன்று புள்ளியைத் தொட்டு, 'விருப்பமில்லை' என்று அமுக்கினேன். மறுநாள் அதே சாறு, வேறொருவர் கையில். 2022இல் மொசில்லா யூடியூபில் இதையே சோதித்தது. அந்தப் பொத்தான் தடுத்தது, வேண்டாத பரிந்துரைகளில் சுமார் 11 விழுக்காட்டை. சேனலையே காட்டாதே என்று சொன்னால்கூட 43 விழுக்காடுதான். ஆய்வு முறையை நிறுவனம் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில், அம்மா பார்த்தவற்றின் பட்டியல் முழுவதையும் அழித்து, இனிமேல் பதியவும் கூடாது என்று நிறுத்திவைத்தேன். அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கே ஒரு மாலைப்பொழுது ஆனது. அம்மாவால் ஒருநாளும் முடியாது. மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார். இப்போது போனைத் திறந்தால் முகப்பு வெறுமையாக இருக்கிறது. நாதஸ்வரம் கேட்கவேண்டுமென்றால், மைக்கை அமுக்கி, "நாதஸ்வரம்" என்று அவரே வாய்விட்டுச் சொல்கிறார்.

மணி அடித்துவிட்டது. அமர்கிறேன், நன்றி.