நாலு ரேஸ் ஜெயிச்சவருக்கு ஏன் பட்டம் இல்ல? டிரையத்லான் சீசன் கேள்விக்கு பதில்

சரி அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்காங்க, போன வீடியோல நான் உலக டிரையத்லான் சாம்பியன்ஷிப் சீரிஸ் பத்தி பேசுனேன்ல, அதுல "சீசன் முழுக்க முன்னாடி இருந்தவருக்கு கடைசியில பட்டம் கிடைக்காம போகலாம்"னு ஒரு வரி சொல்லிட்டு அப்படியே தாண்டிட்டேனாம். "அது எப்படிங்க, சீசன் முழுக்க ஜெயிச்சவருக்குத்தானே பட்டம் கொடுக்கணும், இது அநியாயமா இல்லையா"ன்னு கேட்டிருக்காங்க. நல்ல கேள்விதான், நான்தான் அவசரத்துல விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க.

முதல்ல புதுசா பாக்குறவங்களுக்கு ஒரு நிமிஷம். டிரையத்லான்னா நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூணும் ஒரே மூச்சுல. ஒலிம்பிக் தூரம்னா 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். ஸ்பிரிண்ட்னா அதுல சரியா பாதி. இந்த சீரிஸ்னா வருஷம் முழுக்க வேற வேற ஊர்ல நடக்கற ரேஸ்கள், அதுல ரெண்டு தூரமும் வரும், யோகோஹாமா ரேஸ் பெரும்பாலும் ஒலிம்பிக் தூரம், ஹாம்பர்க் ரேஸ் ஸ்பிரிண்ட். பாரிஸ் ஒலிம்பிக்ல பிரிட்டனோட அலெக்ஸ் யீ தங்கம் வாங்குன டைம் 1 மணி 43 நிமிஷம் 33 செகண்ட், இந்த ஆளுங்க எந்த வேகத்துல போறாங்கன்னு அத வச்சு பாத்துக்கோங்க.

இப்போ கேள்விக்கு வருவோம். சீரிஸ்ல ஒரு ரேஸ் ஜெயிச்சா 1000 பாயிண்ட். ரெண்டாவது வந்தவருக்கு அதுல ஏழரை சதவீதம் கம்மி, 925. மூணாவதுக்கு அந்த 925ல இருந்து ஏழரை சதவீதம் கம்மி, கிட்டத்தட்ட 856. இப்படியே இறங்கிட்டே போகும், பத்தாவது வந்தா பாதி கூட இல்ல, 496 மாதிரி வரும். ஆனா சீசனோட கடைசி ரேஸ், கிராண்ட் ஃபைனல்னு சொல்வாங்க, அதுல மட்டும் ஜெயிச்சா 1250. இறங்குற சதவீதம் அதேதான், ஆனா மேல இருந்து இறங்குறதால ஒவ்வொரு இடத்துக்கும் நடுவுல இருக்கற பாயிண்ட் வித்தியாசம் பெருசாகிடும். இன்னொன்னு, சீசன்ல ஓடுன எல்லா ரேஸும் கணக்குல சேராது, நல்லா வந்த ஒரு சில ரேஸ மட்டும் எடுத்துப்பாங்க, அது கூட ஃபைனல் பாயிண்ட சேப்பாங்க. எத்தனை ரேஸ்ங்கறது வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கு, அதனால அந்த நம்பர மனப்பாடம் பண்ணாதீங்க.

இப்போ ஒரு கணக்கு போடுவோம், பேனா பேப்பர் இருந்தா எடுத்துக்கோங்க. நாலு ரேஸ் கணக்குல வருதுன்னு வச்சுக்கோங்க. ஒருத்தர் நாலுலயும் முதல் இடம், 4000. இன்னொருத்தர், இந்த முதல் ஆள் வராத வேற ரெண்டு ரேஸ ஜெயிச்சாரு, இன்னும் ரெண்டுல முதல் ஆளுக்கு பின்னாடி ரெண்டாவது வந்தாரு, 3850. 150 பாயிண்ட் முன்னாடி இருக்காரு நம்ம ஆளு. ஃபைனல்ல அந்த ரெண்டாவது ஆள் ஜெயிச்சுட்டாருன்னா அவருக்கு 1250 சேந்து 5100. நம்ம ஆளு ஃபைனல்ல ரெண்டாவது வந்தா 1156, மொத்தம் 5156, பட்டம் அவருக்குத்தான். ஆனா மூணாவது வந்தாருன்னா? 1069தான் கிடைக்கும், மொத்தம் 5069. போச்சு! நாலு ரேஸ் ஜெயிச்சுட்டு ஃபைனல்ல போடியத்துல ஏறி நின்னுட்டு பட்டம் இல்லாம வீட்டுக்கு போகணும். நான் முதல் தடவ இந்த கணக்க போட்டப்போ தப்பா போட்டுட்டேனோன்னு ரெண்டு தடவ சரி பாத்தேன்.

இது பேப்பர்ல மட்டும் நடக்கற விஷயம் இல்ல. 2022 ஃபைனல் அபுதாபில. அலெக்ஸ் யீ, நியூசிலாந்தோட ஹேடன் வைல்ட், இந்த ரெண்டு பேருல யாருன்னுதான் எல்லாரும் பேசிட்டு இருந்தாங்க, பிரான்ஸ்ல இருந்து லியோ பெர்ஜேர் வந்து ரேஸையும் எடுத்துட்டாரு, பட்டத்தையும் எடுத்துட்டாரு. சரி ஒரு தடவன்னு விடலாம், 2023ல ஸ்பெயின்ல பொண்டெவெத்ரால ஃபைனல், மறுபடியும் அதே ரெண்டு பேர் பேருதான் அடிபட்டுச்சு, யீ ஓட்டத்துல உடம்பு கை விட்டு ரொம்ப பின்னாடி போயிட்டாரு, இன்னொரு பிரெஞ்சுக்காரர் டோரியன் கொனின் கடைசி மீட்டர் வரைக்கும் ஸ்பிரிண்ட் அடிச்சு ஜெயிச்சு உலக சாம்பியன் ஆயிட்டாரு. யீக்கு எப்போ கிடைச்சதுன்னா 2024ல, டோரெமோலினோஸ்ல, அதுவும் அந்த ஃபைனல அவர் ஜெயிக்கல! பெர்ஜேர்தான் ஜெயிச்சாரு. ஆனா அந்த தடவ யீ கைல போதுமான பாயிண்ட் இருந்துச்சு. அதாவது இந்த சிஸ்டம் எப்பவும் தலைகீழா புரட்டிடும்னு சொல்ல வரல, கடைசி நாள்ல நீங்க முழுசா இருக்கணும்ங்கறதுதான் விஷயம்.

இன்னும் பழைய ஒரு கதை இருக்கு, இத நிறைய பேர் வீடியோவா பாத்திருப்பீங்க ஆனா பின்னாடி இருந்த பாயிண்ட் கணக்கு தெரியாம பாத்திருப்பீங்க. 2016, மெக்சிகோல கொசுமெல். பிரிட்டனோட ஜானி பிரவுன்லீ முன்னாடி ஓடிட்டு இருக்காரு, அப்படியே ஜெயிச்சிருந்தா அன்னைக்கு அவர்தான் உலக சாம்பியன் ஆயிருப்பாரு. கொஞ்ச தூரம்தான் பாக்கி, வெயில்ல உடம்பு மொத்தமா நின்னு போச்சு, காலு தள்ளாடுது, ரோட்டு ஓரத்துக்கு போறாரு. பின்னாடி வந்த அண்ணன் அலிஸ்டர் பிரவுன்லீ தம்பிய தோள்ல தாங்கி இழுத்துட்டு வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி விட்டுட்டு தான் பின்னாடி மூணாவதா வந்தாரு. நடுவுல தென்னாப்பிரிக்காவோட ஹென்றி ஷோமன் தாண்டிப் போய் ஜெயிச்சுட்டாரு. பட்டம் யாருக்கு? அஞ்சாவது வந்த ஸ்பெயினோட மாரியோ மோலாவுக்கு! எத்தனை பாயிண்ட் வித்தியாசம் தெரியுமா, நாலு. வெறும் நாலு பாயிண்ட். எல்லாரும் அத அண்ணன் தம்பி பாசம்னு பாத்தாங்க, பாசம்தான், ஆனா தம்பிய ரெண்டாவது இடத்துல தள்ளுனதும் அந்த நாலு பாயிண்ட் கணக்குக்குள்ளதான் இருக்கு. அதுக்கு அப்புறம் இன்னொரு வீரர தாங்கி முன்னாடி நகர்த்தக்கூடாதுன்னு விதியையே மாத்திட்டாங்க.

சரி, அநியாயமா இல்லையான்னு கேட்டீங்கல்ல. முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பாத்தா கோபம் கொஞ்சம் குறையும். 1989ல பிரான்ஸ்ல அவின்யோன்ல முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்ததுல இருந்து 2008 வரைக்கும் சீசன் கணக்கே கிடையாது, ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ரேஸ், அதுல ஜெயிச்சவர் உலக சாம்பியன், அவ்வளவுதான். அன்னைக்கு உங்களுக்கு காய்ச்சல்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம். 2009லதான் சீரிஸ் வந்துச்சு, முதல் வருஷம் ஆண்கள்ல அலிஸ்டர் பிரவுன்லீ, பெண்கள்ல எம்மா மொஃபாட். ஸ்பெயினோட ஹவியர் கோமெஸ் அஞ்சு பட்டம் வச்சிருக்காரு, அதுல 2008 பட்டம் பழைய ஒரு நாள் முறைல வாங்குனது, மத்த நாலும் சீரிஸ்ல, ரெண்டு முறைலயும் நான்தான்டான்னு காட்டுன மனுஷன். அப்புறம் 2020ல கொரோனாவால மறுபடியும் ஒரு நாள் கதைதான், ஹாம்பர்க்ல நடந்த ஒரே ரேஸ்ல பட்டத்த முடிவு பண்ணாங்க.

அதனால என் கருத்து என்னன்னா, ஃபைனலுக்கு கூட பாயிண்ட் கொடுக்கறது தப்பில்ல. கொடுக்கலன்னா என்ன ஆகும், ரெண்டு ரேஸ் பாக்கி இருக்கும்போதே பட்டம் முடிவாகிடும், ஃபைனலுக்கு பெரிய ஆளுங்களே வரமாட்டாங்க. எனக்கு உறுத்தறது வேற. இந்த ரேஸ்ல சைக்கிள்ல ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஒட்டிப் போகலாம், டிராஃப்டிங் அனுமதி உண்டு. முன்னாடி போறவர் காத்த வெட்டுவாரு, பின்னாடி இருக்கறவருக்கு உழைப்பு ரொம்ப மிச்சம். அப்போ நீச்சல் முடிஞ்சு வெளிய வரும்போது முதல் குரூப்ல இருக்கீங்களா இல்லையாங்கறதுலயே பாதி ரேஸ் முடிஞ்சுடும். ஃபைனல் அன்னைக்கு தண்ணில முதல் மிதவைய சுத்தும்போது யாரோ ஒருத்தர் உங்க மேல ஏறிட்டாரு, கண்ணாடி கழண்டுடுச்சு, இருபது செகண்ட் போச்சுன்னு வைங்க, இருபது செகண்ட்ல போகறது ஒரு இடம் இல்ல, முன்னாடி குரூப்பே போயிடும், அப்புறம் நீங்க தனியா காத்தோட சண்ட போடணும். ஒரு வருஷ உழைப்பு அந்த இருபது செகண்டுல. சைக்கிள்ல முழு ஒரு ரவுண்டு பின்தங்கிட்டா ரேஸ விட்டே வெளிய அனுப்பிடுவாங்க, அதுக்கு பாயிண்டும் கிடையாது.

டிரான்சிஷன் வேற இருக்கு, அதாவது நீச்சல்ல இருந்து சைக்கிளுக்கு, சைக்கிள்ல இருந்து ஓட்டத்துக்கு மாறற இடம். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டில ஹேடன் வைல்ட் சைக்கிள ஸ்டாண்டுல வைக்கறதுக்கு முன்னாடியே ஹெல்மெட் கிளிப்ப கழட்டிட்டாருன்னு பத்து செகண்ட் பெனால்டி. தங்கம் யீக்கு போச்சு. அது இந்த சீரிஸ் ரேஸ் இல்ல, ஆனா விதி அதேதான்.

இன்னொருத்தர் கீழயே கேட்டிருந்தாரு, இவங்க ஏன் சில ரேஸுக்கு வராமலே இருக்காங்கன்னு. நல்லா வந்த சில ரேஸ்தான் கணக்குங்கறதால எல்லாத்துக்கும் வரணும்னு கட்டாயம் இல்ல, அது ஒண்ணு. ஒலிம்பிக் முடிஞ்ச அடுத்த வருஷம் நிறைய பேர் வேற பக்கம் போயிடுவாங்க, யீ 2025ல லண்டன் மாரத்தான் ஓடப் போயிட்டாரு, 2 மணி 11 நிமிஷத்துல முடிச்சாரு. சிலர் டி100ங்கற நீளமான ரேஸ் பக்கம் போவாங்க, 2 கிலோமீட்டர் நீச்சல், 80 சைக்கிள், 18 ஓட்டம், மொத்தம் நூறு, அங்க ஒட்டிப் போகவே கூடாது. வைல்ட் 2025 மே மாசம் டோக்கியோல பயிற்சில இருக்கும்போது லாரி மோதி எலும்பெல்லாம் உடைஞ்சு, நுரையீரல்ல ஓட்டை விழுந்து, ஆகஸ்ட்ல திரும்பி வந்து லண்டன் டி100ஐ ஜெயிச்சாரு, அத என்ன சொல்றதுன்னே தெரியல. அந்த வருஷம் சீரிஸ் பட்டம் ஆண்கள்ல ஆஸ்திரேலியாவோட மேத்யூ ஹவுசருக்கு, அதுவும் ஃபைனல் ஆஸ்திரேலியால வொல்லாங்காங்ல, சொந்த நாட்டு கூட்டத்துக்கு முன்னாடி. பெண்கள்ல ஜெர்மனியோட லிசா டெர்ட்ஷ், பாரிஸ் ஒலிம்பிக்ல ஜெர்மனி மிக்ஸட் ரிலேல, அதாவது ஆண்களும் பெண்களும் ஒரே டீமா மாத்தி மாத்தி போற ரேஸ்ல, தங்கம் வாங்குச்சுல்ல, அந்த டீம்ல இருந்தவங்க.

பெண்கள் பக்கம் நான் கம்மியா பேசறேன்னு திட்டுவீங்க, நியாயம்தான். பெர்முடாவோட ஃப்ளோரா டஃபி மட்டும் நாலு உலக பட்டம், 2016, 2017, 2021, 2022, நடுவுல டோக்கியோ ஒலிம்பிக் தங்கம், அந்த குட்டி தீவுக்கு கிடைச்ச முதல் ஒலிம்பிக் தங்கமே அதுதான். அவங்களுக்கு தனி வீடியோ போடறேன், இதுல சேத்தா பத்தாது.

ஆங், சகோதரி கடைசியா இன்னொன்னும் கேட்டிருக்காங்க, ஃபைனல் பாக்கும்போது யார் பட்டம் ஜெயிக்கறாங்கன்னு எப்படி தெரிஞ்சுக்கறதுன்னு. ரேஸுக்கு முன்னாடி ரேங்கிங்ல முதல் அஞ்சு பேர எழுதிக்கோங்க. நீச்சல் முடிஞ்சு அந்த அஞ்சு பேரும் எந்த குரூப்ல சைக்கிள் ஏறறாங்கன்னு மட்டும் பாருங்க. முதல்ல யார் போறாங்கங்கறத விட்டுடுங்க, டிவில கேமரா அவர மட்டும்தான் காட்டும், பட்டம் பெரும்பாலும் அந்த ஃப்ரேமுக்கு வெளிய எங்கயோ ஏழாவது எட்டாவது இடத்துல ஓடிட்டு இருக்கும். சரி, அடுத்த கேள்வி வெட்சூட் பத்தி, நீச்சலுக்கு போடற ரப்பர் உடுப்பு, தண்ணி 20 டிகிரிய தொட்டா இவங்களுக்கு ஏன் வெட்சூட் போட விடமாட்டேங்கறாங்கன்னு கேட்டிருக்காரு.