கட்டையையும் சேர்த்துப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கட்டையில் முளைக்கும் காளானை எப்படி அடையாளம் காண்பது என்று இன்று பார்ப்போம். இரண்டு குச்சிகள் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டும் எங்கள் கொல்லையில் வெட்டிப் போட்ட மாமரக் கிளையின் துண்டுகள். ஒன்றில் சாம்பல் வெள்ளை நிறத்தில் சின்னச் சின்ன விசிறிகளாகக் காளான்கள் காய்ந்து சுருண்டிருக்கின்றன. தொட்டால் கம்பளி மாதிரி இருக்கும். மற்றதும் நேற்று மாலை வரை அப்படித்தான் இருந்தது. இரவு ஈரத்துணியில் சுற்றி வைத்தேன், காலையில் விரிந்துவிட்டது. முன்வரிசையிலிருந்து கைமாற்றிக்கொண்டே போங்கள். மேலே பார்த்தது போதும், திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

அடியில் காம்பிலிருந்து ஓரம் வரை மடிப்புகள் ஓடுகின்றன அல்லவா? ஒவ்வொரு மடிப்பும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். காய்ந்தால் பிளவின் ஓரங்கள் சுருண்டு, வித்துகள் உண்டாகும் பரப்பை மூடிக்கொள்ளும். ஈரம் பட்டால் மறுபடி திறக்கும். ஸ்கிசோஃபில்லம் கம்யூன் என்பது இதன் அறிவியல் பெயர். பிளந்த இலை, எங்கும் காண்பது என்று பொருள் சொல்லலாம். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. மணிப்பூரில் இதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

மேலிருந்து பார்த்தால் இது வெறும் வெள்ளை விசிறி. பட்ட மரத்தில் வெள்ளை விசிறியாக முளைப்பவை எத்தனையோ உண்டு. திருப்பிப் பார்த்தால்தான் இது இன்னது என்று தெரியும். பலர் எனக்குப் படம் அனுப்பி "இது என்ன காளான்?" என்று கேட்கிறார்கள். அநேகமாக எல்லாமே மேலிருந்து எடுத்த படங்கள். அடிப்பக்கம் மடிப்பா, ஊசி குத்தியது போன்ற துளைகளா, வழுவழுப்பா என்று தெரியாமல் என்னால் வாயைத் திறக்க முடியாது.

அடுத்தது கட்டை. நாம் காளான் என்று சொல்வது கனி மட்டும்தான். உடம்பு முழுவதும் வெள்ளை இழைகளாகக் கட்டைக்குள் இருக்கிறது. அது என்ன தின்கிறது என்பதைக் கட்டையே காட்டிவிடும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையும் சேர்த்துச் சிதைக்கும் பூஞ்சை இருந்தால் கட்டை வெளுத்து, நார் நாராகவோ பஞ்சு மாதிரியோ ஆகிவிடும். லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டு செல்லுலோஸை மட்டும் தின்றால் மிச்சம் பழுப்பாகி, வெடித்த களிமண் போலக் கட்டம் கட்டமாக உடையும். அதனால் காளானைப் பறிப்பதற்கு முன்னால் கட்டையை ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். என்ன மரம் என்று தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, வித்துப் பதிவு. காம்பை வெட்டிவிட்டுக் குடையை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி தாளில் வையுங்கள். தாளில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு இருக்கட்டும். ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தாளில் வித்துகள் மெல்லிய தூளாகப் படிந்திருக்கும். சிப்பிக்காளான் என்றால் வெள்ளை, சில சமயம் லேசான ஊதா சாயல். வெள்ளைத் தாள் மட்டும் வைத்தால் இது கண்ணில் படாது, கறுப்பு அதற்காகத்தான். துருப்பிடித்த பழுப்பு வந்தால் ஆபத்தான வகைகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கேலரீனா மார்ஜினேட்டா என்று ஒன்று, வட பூமியின் குளிர்நாடுகளில் மக்கிய கட்டையில் முளைப்பது, சின்னஞ்சிறு பழுப்புக் குடை. அதில் கல்லீரலைக் கெடுக்கும் அமடாக்சின் இருக்கிறது. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரமோ அதற்கும் மேலோ ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி பேதி. இடையில் சரியாகிவிட்டது போலத் தோன்றும், அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அடிமரத்தில் அரக்கு பூசியது போல மினுமினுக்கும் செம்பழுப்புத் தட்டு, அதன் மேலே கோகோ மாதிரித் தூள் இருந்தால் அது கேனோடெர்மா. தஞ்சாவூர் வாடல் நோய் என்கிறோமே, அதற்குக் காரணமான பூஞ்சை இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். தட்டு வெளியே தெரியும்போது உள்ளே வெகுகாலமாக வேலை நடந்திருக்கும். உடனே வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

இதெல்லாம் கற்றுக்கொண்டால் பறித்துச் சாப்பிடலாமா என்று இன்று காலையில்கூட ஒருவர் கேட்டார். பூச்சி தின்றிருந்தால் நஞ்சில்லை, வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு என்று சொல்வதெல்லாம் பொய், நம்பி ஏமாறாதீர்கள். சரியாக அடையாளம் கண்டாலும் போதாது என்பதற்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே சுகி என்னும் ஊசியிலை மரத்தின் பழைய அடிக்கட்டைகளில் வெள்ளை வெளேரென்று ஒரு காளான் முளைக்கும். சுகிஹிரதாகே என்பார்கள். காலங்காலமாகச் சாப்பிட்டு வந்தது. 2004 இலையுதிர் காலத்தில் அதைச் சாப்பிட்ட 59 பேருக்கு மூளை பாதித்தது, 17 பேர் இறந்துபோனார்கள். பலர் ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். அவர்கள் காளானைத் தவறாக அடையாளம் காணவில்லை. தலைமுறைகளாகத் தெரிந்த அதே காளான்தான். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. காட்டுக் காளானை இனி நாக்கால் அல்ல, கண்ணால் மட்டும் ருசிப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சாப்பிட ஆசையா, வளர்ப்புச் சிப்பிக்காளான் கடையில் கிடைக்கிறது.

நாளை காலை நடைக்கு வருகிறவர்கள் வெள்ளைத் தாள், கறுப்புத் தாள், ஒரு சின்னக் கத்தி கொண்டு வாருங்கள். காகிதப் பை போதும், பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். சரி, அந்தக் குச்சிகள் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்ததும் என்னிடமே திரும்ப வரட்டும். காய்ந்த துண்டை இன்றிரவு நான் நனைத்து வைக்க வேண்டும்.