நான்கு தங்கம் வாங்கிய கல்லூரிக்குக் கோப்பை ஏன் இல்லை? நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கடிதத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன், அதிலேயே மூன்று கேள்விகள் இருக்கின்றன. எழுதியிருப்பவர் ஒரு அம்மா. அவருடைய மகள் அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் கல்லூரி அணி டிவிஷன் த்ரீ, அதாவது மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளுக்கான தேசியத் தடகளப் போட்டிக்குப் போயிருக்கிறது. அம்மா இங்கே ராத்திரி கண்விழித்து நேரலையில் பார்த்திருக்கிறார். கேள்வியை அவர் எழுதியபடியே படிக்கிறேன்.

"எங்கள் பெண்ணின் கல்லூரி நான்கு தங்கம் வாங்கியது. ஒரே ஒரு தங்கம் வாங்கிய கல்லூரிக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். இது என்ன நியாயம்? ஹீட்ஸில் என் மகளின் தோழியைவிட மெதுவாக ஓடிய பெண் ஃபைனலுக்குப் போனாள், தோழி போகவில்லை. அது எப்படி? அப்புறம், விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பும் கிடையாதாம். பிறகு ஏன் இந்தப் பிள்ளைகள் இப்படி உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள்?"

அம்மா, முதலில் கோப்பை விஷயத்தைப் பார்த்துவிடுவோம்.

நமக்கு ஒலிம்பிக் பதக்கப் பட்டியல் பார்த்துப் பழக்கம். யாருக்குத் தங்கம் அதிகமோ அவர்கள் மேலே. நம் ஊர்ப் பள்ளி விளையாட்டுகளில் முதல் மூன்று இடத்துக்கு 5, 3, 1 என்று போடுவார்கள், நான்காவது வந்தவன் பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் கணக்கு எட்டாவது இடம் வரைக்கும் போகிறது. முதல் இடத்துக்கு 10, இரண்டாவதுக்கு 8, அப்புறம் 6, 5, 4, 3, 2, எட்டாவதுக்கு 1. தொடர் ஓட்டத்துக்கும் இதேதான், நான்கு பேர் ஓடுகிறார்கள் என்பதற்காகக் கூடுதலாக எதுவும் தருவதில்லை. ஆண்களுக்கு 21 பந்தயங்கள், பெண்களுக்கு 21. கோப்பையும் தனித்தனி. ஒரு பந்தயத்துக்கு 39 புள்ளி என்றால் பெண்கள் பக்கம் மட்டும் மொத்தம் 819 புள்ளிகள் களத்தில் கிடக்கின்றன. அதில் யார் அதிகம் பொறுக்கிச் சேர்க்கிறார்களோ அவர்களுக்குத்தான் கோப்பை.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். சரியான எண்கள் கடிதத்தில் இல்லை, புரிவதற்காக நானே போட்டுக்கொள்கிறேன். நான்கு தங்கம், வேறு எதுவும் இல்லை: 40 புள்ளி. இன்னொரு கல்லூரிக்கு ஒரு தங்கம், அது 10. இரண்டு பேர் இரண்டாவது, 16. ஒருத்தி மூன்றாவது, 6. ஒருத்தி ஐந்தாவது, 4. ஒருத்தி ஆறாவது, 3. இரண்டு பேர் எட்டாவது, 2. கூட்டிப் பாருங்கள், 41. ஈட்டி எறிதலில் எட்டாவது வந்த ஒரு பெண் ஒரு சாண் குறைவாக எறிந்திருந்தால் இரண்டு கல்லூரிகளும் சமம்.

நியாயமா என்று கேட்டீர்கள். என் மனதுக்கு இந்தக் கணக்குதான் நியாயமாகப் படுகிறது. ஜெயித்த பிள்ளையின் தங்கத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அது அவள் கழுத்தில்தான் இருக்கிறது. கோப்பை கல்லூரிக்கு உரியது. அப்படியென்றால் கல்லூரி எத்தனை பேரைத் தயார் செய்தது என்று பார்ப்பதுதானே முறை?

இதை நான் காகிதத்தில் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் சில வருடங்கள் இருந்தபோது, அங்கே சிறு கல்லூரிகள் தங்களுக்குள் நடத்தும் லீக் போட்டிகளில் தன்னார்வலராக நின்றிருக்கிறேன். எனக்குக் கொடுத்த இடம் நீளம் தாண்டுதலின் மணல் குழி. தாண்டியவர் மணலில் பதித்த தடங்களில், கால் ஊன்றி எழும்பும் பலகைக்கு எது அருகில் இருக்கிறதோ, அங்கே டேப்பின் நுனியை ஊன்ற வேண்டும். கால் நன்றாக முன்னால் விழுந்திருக்கும், ஆனால் எழும்போது ஒரு கையைப் பின்னால் ஊன்றியிருப்பார்கள். அப்போது கை பட்ட இடம்தான் கணக்கு. அந்தக் கைத் தடத்தை மட்டும் காட்டி நான் சும்மா நின்றால் போதும், தாண்டிய பிள்ளையின் முகம் சுருங்கிவிடும். அளந்து முடித்ததும் மணலைச் சமன் செய்ய வேண்டும், அடுத்தவருக்கு ஒரு மேடு பள்ளம் இருக்கக் கூடாது.

முதலில் எல்லோருக்கும் மூன்று வாய்ப்பு. அதில் சிறந்த ஒன்பது பேருக்கு மேலும் மூன்று. ஒன்பது பேர் என்பதைக் கவனியுங்கள். புள்ளி எட்டுப் பேருக்குத்தான். அதாவது கடைசிச் சுற்று வரைக்கும் வந்த ஒருவர் வெறுங்கையோடு போவார் என்பது முன்பே தெரியும், அது யார் என்பதுதான் தெரியாது.

ஒரு பையன் ஐந்து தாண்டல் முடிந்த நிலையில் ஒன்பதாவதாக இருந்தான். எட்டாவதாக இருந்தவன் 6.71 மீட்டர். இவன் 6.64. கடைசித் தாண்டலுக்கு ஓடி வந்தான், பலகையில் கால் சரியாக விழுந்தது, தாண்டல் செல்லும் என்று வெள்ளைக் கொடி உயர்ந்தது. நான் டேப்பை ஊன்றினேன். சென்டிமீட்டருக்குக் கீழே மீதி இருந்தால் அதை விட்டுவிட வேண்டும், இதுதான் விதி. பலகைப் பக்கம் இருந்தவர் குனிந்து பார்த்துச் சொன்னார்: 6.72. அந்தப் பையன் எவ்வளவு தூரம் என்று கேட்கவே இல்லை. "எத்தனையாவது?" என்றுதான் கேட்டான். எட்டாவது என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவனுடைய பயிற்சியாளர் ஒரு காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு பென்சிலால் கூட்டிக்கொண்டிருந்தார். இவன் அவரைப் பார்த்து ஒற்றை விரலைக் காட்டினான். அவர் ஒன்று என்று எழுதிக்கொண்டார். தொடர் ஓட்டத்துக்கு உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்த நான்கு பையன்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வந்து அவன் முதுகில் தட்டினார்கள். ஒன்பதாவது இடத்துக்கு இறங்கியவன் அவன் கையைக் குலுக்கிவிட்டு, உட்கார்ந்து ஸ்பைக்ஸ் காலணியைக் கழற்ற ஆரம்பித்தான்.

அன்றைக்கு அந்தக் கல்லூரி ஜெயித்ததா என்றால், இல்லை, மூன்றாவது வந்தது. நான்காவதாக வந்த கல்லூரியைவிட அரைப் புள்ளிதான் கூடுதல். அரைப் புள்ளி எங்கிருந்து வரும்? உயரம் தாண்டுதலில் ஒரே உயரத்தைத் தாண்டி, தவறவிட்ட எண்ணிக்கையும் சமமாக இருந்தால் இடத்தைப் பங்கு போடுவார்கள். நான்காவது இடத்தில் இருவர் என்றால் 5ஐயும் 4ஐயும் கூட்டி ஆளுக்கு 4.5.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறு கல்லூரிப் பயிற்சியாளருக்கு ஆள் பலம் குறைவு. ஓடத் தெரிந்த ஒரு பெண்ணை 100, 200, இரண்டு தொடர் ஓட்டம் என்று நான்கிலும் போட ஆசை வரும். ஆனால் போட்டி மூன்று நாள், ஹீட்ஸையும், அதாவது ஃபைனலுக்கு முந்தைய தகுதிச் சுற்றுகளையும் சேர்த்தால் அவள் எட்டு முறை ஓட வேண்டியிருக்கலாம். கடைசி நாள் 200 மீட்டர் ஃபைனலில் கால் கெஞ்சும். நீண்ட தூர ஓட்டக்காரர்கள் பாடு இன்னும் கடினம். முதல் நாள் 10,000 மீட்டர், அதாவது டிராக்கை 25 சுற்று. ஒரு நாள் ஓய்வு. மறுபடி 5,000, பன்னிரண்டரைச் சுற்று. அந்த இரண்டாவது ஓட்டத்தில் ஆறாவது வருவதற்கும் ஒன்பதாவது வருவதற்கும் நடுவில் ஒரு கல்லூரியின் கோப்பை இருக்கலாம். 4x400 தொடர் ஓட்டத்தைக் கடைசியில் வைத்திருப்பதும் அதனால்தான் அவ்வளவு சுவையாக இருக்கிறது. அதற்கு முன்னால் எல்லாப் பயிற்சியாளர்களும் கூட்டல் கணக்கோடுதான் நிற்பார்கள்.

இரண்டாவது கேள்வி சுலபம். ஒவ்வொரு ஹீட்டிலும் முதலில் வருகிற குறிப்பிட்ட சிலர், நேரம் எதுவாக இருந்தாலும் நேராக ஃபைனலுக்குப் போவார்கள். மீதி இடங்களைத்தான் எல்லா ஹீட்டையும் சேர்த்து, நேரத்தைப் பார்த்து நிரப்புவார்கள். உங்கள் மகளின் தோழி வேகமான ஹீட்டில் மாட்டிக்கொண்டிருப்பாள். எத்தனை பேர் இடத்தால், எத்தனை பேர் நேரத்தால் என்பது பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். அதனால் ஹீட்டில் நேரத்தைப் பார்க்காதே, முன்னால் ஓடுகிறவளைத் தாண்டு என்றுதான் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். தோழியிடம் சொல்லுங்கள், இதில் அவள் தவறு ஒன்றும் இல்லை.

மூன்றாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ., 1973இல் மூன்று டிவிஷன்களாகப் பிரிந்தது. மூன்றாவதில்தான் கல்லூரிகள் அதிகம், 400க்கும் மேலே. படிப்புக்காகவோ குடும்ப வருமானத்தைப் பார்த்தோ உதவித்தொகை தரலாம். நன்றாக ஓடுகிறாய் என்பதற்காக ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. அப்படியிருந்தும் தேசியப் போட்டிக்குப் போவது லேசான காரியம் இல்லை. நாடு முழுவதும் உள்ள அத்தனை கல்லூரிகளிலிருந்தும் அந்த சீசனின் பட்டியலில் முதல் இருபது பேர் அளவில்தான் ஒரு பந்தயத்துக்கு எடுப்பார்கள். உங்கள் பெண்ணின் கல்லூரிப் பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தாண்டி வந்தவர்கள்.

2025இல் பெண்கள் கோப்பையை வாங்கியது எம்.ஐ.டி. நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸில் இருப்பது. அதே கல்வியாண்டில் கிராஸ் கன்ட்ரி (மைதானத்துக்கு வெளியே, மண்ணிலும் புல்லிலும் ஓடும் நீண்ட தூர ஓட்டம்), உள்ளரங்கத் தடகளம் இரண்டிலும் அவர்கள்தான் முதலிடம். பகலில் ஆய்வகம், சாயங்காலம் டிராக் என்று இருக்கிற பெண்கள் அவர்கள்.

சிறிய கல்லூரி என்றால் சிறிய ஓட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓரிகான் மாநிலத்தில் வில்லமெட் என்று ஒரு சிறு பல்கலைக்கழகம். அங்கே உயிர்வேதியியல் படித்த நிக் சிமண்ட்ஸ், டிவிஷன் த்ரீயில் ஏழு சாம்பியன் பட்டங்கள் வாங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேவிட் ருடிஷா 1 நிமிடம் 40.91 வினாடியில் 800 மீட்டர் உலக சாதனை படைத்தாரே, அந்தப் பந்தயத்தில் ஐந்தாவது வந்தவர் இவர்தான், 1 நிமிடம் 42.95 வினாடி. அடுத்த வருடம் மாஸ்கோ உலகப் போட்டியில் வெள்ளி. விஸ்கான்சின் லா க்ராஸ் கல்லூரியின் ஆண்ட்ரூ ராக் 2005 ஹெல்சிங்கி உலகப் போட்டியில் 400 மீட்டரில் வெள்ளி வாங்கினார். இன்னும் பின்னால் போனால் எட்வின் மோசஸ். அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரிக்குப் படிப்புக்கான உதவித்தொகையில் போனவர். அந்தக் கல்லூரியில் டிராக்கே கிடையாது, ஊரிலிருந்த பள்ளி மைதானங்களில்தான் பயிற்சி செய்தார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 47.64 வினாடி, உலக சாதனையோடு தங்கம். 1977 முதல் 1987 வரை தொடர்ந்து 122 பந்தயங்களில் அவரை யாரும் ஜெயிக்கவில்லை.

ஆனால் இவர்களைச் சொல்லி உங்கள் கேள்வியை முடித்துவிட்டால் அது முழுப் பதில் ஆகாது. பெரும்பாலான பிள்ளைகள் ஒலிம்பிக்குக்குப் போகப் போவதில்லை, அது அவர்களுக்கும் தெரியும். இந்தப் போட்டி மே மாதக் கடைசியில் வருகிறது. சில கல்லூரிகளில் பட்டமளிப்பு விழாவும் அதே நாட்களில் வந்துவிடும். நான்கு வருடம் படித்த பிள்ளை, அப்பா அம்மா பார்க்கக் கறுப்பு அங்கி போட்டு மேடையேறுவதை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வேறு மாநிலத்துக்குப் போய் ஹீட்ஸ் ஓடுவாள். பலருக்கு வாழ்க்கையில் அதுதான் கடைசிப் பந்தயம். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள்கூட இருப்பார்கள். அந்த மணல் குழியில் "எத்தனையாவது?" என்று கேட்ட பையனும் கடைசி வருடம்தான் படித்துக்கொண்டிருந்தான். போட்டி முடிந்ததும் திரும்பி வந்து, மணலை வாரிச் சமன் செய்து மூடி போடுவதற்கு எனக்குக் கூட இருந்து உதவி செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

அம்மா, உங்கள் மகள் எந்தப் பந்தயம் என்று நீங்கள் எழுதவில்லை. கீழே எழுதுங்கள். எறிதல், தாண்டுதல் என்றால் அதற்கான விதிகளைத் தனியாக ஒரு நாள் பேசுகிறேன், நேரலையில் அவற்றைக் கொஞ்சம்தான் காட்டுவார்கள்.