டின் விசில்ல என் முதல் ரீல்

வணக்கம் மக்களே, அயர்லாந்துல கால்வே ஊர்ல இன்னிக்கும் மழை, ஜன்னல் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. டின் விசில், அதான் இந்த ஆறு ஓட்டை தகரக் குழல், வாங்கி மூணு மாசம் ஆச்சு, ஏதாவது வாசிச்சு காட்டுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, சோ இன்னிக்கு நான் கத்துக்கிட்டிருக்கிற ஐரிஷ் ரீல், பேரு ட்ரௌஸி மேகி.

ரீல்ங்கறது டான்ஸுக்கு வாசிக்கற ட்யூன். பொதுவா எட்டு பார் (தாளத்துல ஒரு சுத்துதான் ஒரு பார்) ஒரு பார்ட், அதை ரெண்டு தடவை, அடுத்த பார்ட்டும் அதே மாதிரி, மொத்தம் 32 பார், முடிஞ்சதும் மறுபடி முதல்லேர்ந்து, நடுவுல நிக்கவே நிக்காது.

இப்ப விரலைப் பாருங்க, கேமராவ கிட்ட கொண்டு வர்றேன். இது ஈ-ங்கற ஸ்வரம், மேலேர்ந்து அஞ்சு ஓட்டை மூடியிருக்கு. இது பி, மேல ஒண்ணே ஒண்ணுதான் மூடியிருக்கு. இந்த ட்யூன் ஆரம்பமே ஈ, பி ஈ, டி ஈ பி ஈ... ஒவ்வொரு தடவை ஈ-லேர்ந்து பி போறப்பவும் நாலு விரல் ஒண்ணா எழும்பணும், ஒண்ணா இறங்கணும், ஒரு விரல் லேட்டானாலும் நடுவுல ஒரு கீச்சு சத்தம் வந்துடும். ரெண்டு வாரம் இந்த ஒரு பாரை மட்டும்தான் வாசிச்சேன்.

விரல் சரியானப்புறமும் என்னமோ தையல் மெஷின் ஓடுற மாதிரி இருந்துச்சு. இங்க ஒரு பப்ல செஷன் நடக்கும், அதாவது எல்லாரும் கூடி உக்காந்து வாசிப்பாங்க, ஃபிடில் வாசிக்கிற வயசான அம்மா ஒருத்தங்க என் காலைக் காட்டி, முதல்ல அதைத் தட்டுன்னாங்க. பாருக்கு ரெண்டு தட்டு. முதல் தட்டு நீளமான ஈ-ல விழும், ரெண்டாவது டி-ல. நடுவுல திரும்பத் திரும்ப வர்ற ஈ எல்லாம் சும்மா தொட்டுட்டுப் போகணும், நான் எல்லாத்தையும் ஒரே மாதிரி அழுத்தி நாக்கால தட்டிட்டு இருந்திருக்கேன்! அதை விட்டதும்தான் ட்யூனே ஆட ஆரம்பிச்சுது.

இதெல்லாம் புக்ல இருக்காதுங்க. சிகாகோ போலீஸ் தலைவரா இருந்த ஃப்ரான்சிஸ் ஓ'நீல், இங்க அயர்லாந்து கார்க்லேர்ந்து போனவர், 1903ல மொத்தம் 1850 ஐரிஷ் ட்யூன்களைத் தொகுத்து புக்கா போட்டாரு, எவ்ளோ பெரிய வேலை, எனக்கு அவர் மேல அவ்ளோ மரியாதை. ஆனா எந்த நோட்ட தொட்டுட்டு விடணும், எங்க மூச்சு எடுக்கணும்னு காதுலதான் பிடிக்கணும். நான் அந்த நீள ஈ-ல பாதியை விட்டுட்டு அங்க மூச்சு எடுக்கறேன். மூச்சு போதுமா இருந்தா அதே இடத்துல ஒரு கட், இடது கை மோதிர விரலை டக்குனு தூக்கி வைக்கறது, காதுக்கு சின்ன சொடக்கு மாதிரி கேக்கும், பாருங்க.

கர்னாடக சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு, இது டோரியன்ங்கற ஸ்கேல், ஈ-ய சட்ஜமா வச்சா நம்ம கரஹரப்பிரியா ஸ்வரங்கள்தான். ஆனா அடுத்த பார்ட்ல சட்ஜமே டி-க்கு மாறின மாதிரி ஆயிடும், அந்த இடம் வர்றப்ப எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும்.

ஜூலைல இங்க கிளேர் மாவட்டத்துல மில்டவுன் மால்பேங்கற ஊர்ல வில்லி கிளான்சி சம்மர் ஸ்கூல்னு ஐரிஷ் இசைக்கான பள்ளி, 1973லேர்ந்து நடக்குது, விசிலுக்கும் க்ளாஸ் இருக்கு, லீவு கேட்டிருக்கேன்.

சரி, மெட்ரோனோம், அதான் தாளம் தட்டற கருவி, நிமிஷத்துக்கு 60 தட்டுல போடறேன், செஷன்ல இதைவிட ரொம்ப வேகமாப் போகும். கால் சத்தமும் சேர்த்துக் கேளுங்க... ஒண்ணு, ரெண்டு...